லண்டனுக்கு அவ்வளவு செலவில்லை, நம் பவுசுக்குத்தான் செலவு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் கடைசிவரை வாசியுங்கள். யாரையும் நோகடிக்க எழுதவில்லை. ஆனால் சிலருக்கு நோகும். நோகிற இடத்தில் நாங்களும் நிற்கிறோம் என்பதால் மன்னிப்பீர்கள் என்று நம்புகிறோம்.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய வாரம். வகுப்பில் ஒரு பிள்ளை லண்டன் போய் வந்திருந்தது. மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று அதன் புதுச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் ஆசையாகக் கேட்டோம்.

"என்ன மகள் பாத்தீங்க?"

"சாச்சிட ஊட்ட நிண்ட, டீச்சர். கடைக்குப் போன. மறுகா பெரிய சில்லுல ஏறின."

"அதுக்குப் பொறகு?"

"மறுகாவும் கடைக்குப் போன."

அவ்வளவுதான். இரண்டு கிழமை. உலகத்தின் பாதிச் செல்வத்தை அள்ளிக்கொண்டு போய்க் குவித்து வைத்திருக்கிற ஒரு நகரம். அங்கிருந்து ஒரு பிள்ளை கொண்டு வந்தது ஒரு சோடிச் சப்பாத்தும், ராட்டினத்தில் எடுத்த ஒரு படமும். பிள்ளையில் பிழை இல்லை. கூட்டிப்போன நம்மில்தான் பிழை. யாருடைய பிள்ளை என்று தேடாதீர்கள். இது ஒரு வீட்டின் கதை அல்ல. நம் ஊரில் லண்டன் போய் வந்த பத்து வீட்டைத் தட்டிக் கேளுங்கள், ஏழெட்டு வீட்டில் இதே கதைதான் வரும்.

நாங்களும் அப்படிப் போனவர்கள்தான். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். பெரியவர் இருவர், பிள்ளைகள் மூவர். போய் இறங்கிய முதல் இரண்டு நாளில் ராட்டினம், மெழுகுப் பொம்மை, ஒக்ஸ்போர்ட் தெருக் கடைகள் என்று ஓடி, கொண்டு போன காசில் பாதியை முடித்துவிட்டோம். மூன்றாம் நாள் இரவு கணக்குப் பார்த்தபோது வயிறு கலங்கியது. மிச்சமிருந்த நாட்களில் வேறு வழியில்லாமல்தான் காசு கேட்காத லண்டனைத் தேடிப் போனோம். இன்று எங்கள் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பேசுவது அந்த நாட்களைப் பற்றித்தான். முதல் இரண்டு நாளை அவர்கள் பேச்சுக்கும் எடுப்பதில்லை.

ஆகவே சொல்ல வருவது இதுதான். குறைந்த காசில் பிள்ளைகளோடு பிரித்தானிய நகரம் ஒன்றைப் பார்த்து வரலாம். நன்றாகவே பார்க்கலாம். முடியாமல் செய்வது லண்டனின் விலை அல்ல. நம் பவுசு.

முதலில் கடனைப் பேசுவோம். உள்ளூரில் வட்டி ஹராம் என்று ஜும்ஆவில் கேட்டு "சுப்ஹானல்லாஹ்" சொல்லுகிற நாம்தான், லண்டன் பயணத்துக்கு என்றால் உம்மாவின் காப்பை அடகு வைக்கிறோம். இடர்கடன் எடுக்கிறோம். வீசாவுக்காக யாரிடமோ பெருந்தொகை வாங்கி, வங்கிக் கணக்கில் ஒரு மாதம் போட்டுக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறோம். இது பொய். மார்க்கத்திலும் பொய், அவர்களுடைய சட்டத்திலும் பொய். விண்ணப்பத்தில் ஏமாற்றியதாக முடிவெடுத்தால் 10 வருடத்துக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். மறுக்கப்பட்டால் வீசாக் கட்டணமும் திரும்பி வராது. ஒருவருக்கே 100 பவுணுக்கு மேல். ஐந்து பேருக்குப் பெருக்கிப் பாருங்கள். உள்ளதைக் காட்டுங்கள், உள்ள அளவுக்குத் திட்டம் போடுங்கள். பத்து நாளுக்குப் பதில் ஐந்து நாள் என்றால் ஐந்து நாள். இந்த வருடம் முடியாதென்றால் மூன்று வருடம் சீட்டுப் போட்டுச் சேருங்கள். யாரும் துரத்தவில்லை.

அடுத்து, காசு கேட்காத லண்டன்.

பிரித்தானிய நூதனசாலை 1759இல் திறந்த நாளிலிருந்து பொதுமக்களுக்கு இலவசம் என்பதுதான் அதன் வழக்கம். மற்றப் பெரிய தேசிய நூதனசாலைகளும் 2001 டிசம்பரிலிருந்து பொது நுழைவுக்குக் காசு வாங்குவதில்லை. இயற்கை வரலாற்று நூதனசாலை, விஞ்ஞான நூதனசாலை, விக்டோரியா அல்பர்ட் நூதனசாலை மூன்றும் சவுத் கென்சிங்டனில் பக்கத்துப் பக்கத்தில். ஒரு தெருவைக் கடந்தால் அடுத்தது. விசேட கண்காட்சிகளுக்கு மட்டும்தான் டிக்கட். இணையத்தில் நேரம் பதிந்து வைத்தால் வரிசையும் குறையும், அதுவும் இலவசம்.

இயற்கை வரலாற்று நூதனசாலையில் நுழைந்ததும் தலைக்கு மேல் 25 மீற்றர் நீளத்தில் ஒரு நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்கும். 1891இல் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலம் அது. நம் பிள்ளைக்கு அங்கே வைத்துச் சொல்லுங்கள்: "மகன், இதே சாதித் திமிங்கிலம் நம்மட திருகோணமலைக் கடலிலயும் வருது." பிள்ளையின் கண் எவ்வளவு விரிகிறது என்று பாருங்கள். ராட்டினத்தில் அது விரியாது. அந்தச் சில்லில் ஐந்து பேர் ஏற 100 பவுணைத் தாண்டும். ஒரு பவுண் 400 ரூபாய் அளவில் நிற்கிற காலத்தில், ஏறக்குறைய அரைமணி நேரச் சுற்றுக்கு 40,000 ரூபாய்க்கு மேல். உயரத்திலிருந்து நகரத்தைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஃபென்சேர்ச் தெருவிலுள்ள ஸ்கை கார்டன் இருக்கிறது. 35ஆம் மாடி. இலவசம். முன்பதிவு மட்டும் வேண்டும். அதை ஏன் யாரும் நமக்குச் சொல்லவில்லை? இலவசமாகப் பார்த்ததைப் பேஸ்புக்கில் போட்டால் பவுசு குறைந்துவிடும் என்றா?

விக்டோரியா அல்பர்ட் நூதனசாலையில் அர்தபீல் கம்பளம் தரையில் விரித்து, கண்ணாடிக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. பத்து மீற்றருக்கு மேல் நீளம். ஈரானில் நெய்தது. ஓரத்தில் ஹிஜ்ரி 946 என்று வருடம் நெய்யப்பட்டிருக்கிறது. நிறம் மங்கிவிடும் என்பதற்காக ஒவ்வொரு அரைமணிக்கும் பத்து நிமிடம் மட்டும் வெளிச்சம் போடுவார்கள். எங்கள் மூன்று பிள்ளைகளும் வெளிச்சம் வரும்வரை மூச்சுப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வாசலில் ஐந்து பேருக்கும் ஐந்து சதம் கேட்கவில்லை. திப்பு சுல்தானின் மரப்புலியும் அதே நூதனசாலையிடம்தான் இருக்கிறது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது கொள்ளையாக எடுத்துப் போனது. பிரித்தானிய நூதனசாலையில் 2018இல் இஸ்லாமிய உலகத்துக்கென்றே புதிய மண்டபங்கள் திறந்திருக்கிறார்கள். பள்ளியில் ஓதிக்கொடுக்கும் வரலாற்றை, கண்ணால் பார்க்கிற பொருளாகப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் நமக்கு எங்கே கிடைக்கும்?

இப்போது ஒரு எதிர்ப்பு வரும். எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. "அங்கே முழுக்கச் சிலை. பிள்ளைகளைச் சிலை பார்க்கவா கூட்டிப் போறீங்க?"

இதற்கு நேராகவே பதில் சொல்கிறோம். பார்ப்பது வேறு, வணங்குவது வேறு. இந்த வேறுபாடு தெரியாத அளவுக்கா நம் பிள்ளைகளின் ஈமானை நாம் வளர்த்திருக்கிறோம்? அப்படியென்றால் கவலைப்பட வேண்டியது நூதனசாலையைப் பற்றி அல்ல, நம் வளர்ப்பைப் பற்றி.

பிரித்தானிய நூதனசாலையின் 33ஆம் இலக்க மண்டபத்தில் தாராதேவியின் சிலை ஒன்று நிற்கிறது. பொன்முலாம் பூசிய வெண்கலம். எட்டாம் நூற்றாண்டு. ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரம். எங்கே கிடைத்தது தெரியுமா? திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில். நம் கரையில். யார் கொடுத்தது? ஆளுநர் ரொபர்ட் பிரவுன்றிக், 1830இல். 1815 கண்டி ஒப்பந்தம், 1818 ஊவா கிளர்ச்சி என்று சாதாரண தரப் பிள்ளைகள் பாடமாக்குகிறார்களே, அதே பிரவுன்றிக்.

சொல்ல வேண்டியதை மறைக்கவும் இல்லை. மேலாடை இல்லாத சிலை அது. அந்தக் காலத்து ஆங்கிலேயரே பொதுமக்கள் கண்ணில் படாமல் நெடுங்காலம் உள்ளே வைத்திருந்தார்கள். தயக்கமுள்ளவர்கள் அந்த மண்டபத்தைத் தாண்டிப் போகலாம். ஆனால் அந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்லாமல் வராதீர்கள். நாம் பிறந்த கரையில் நமக்கு முன்னே யார் யார் வாழ்ந்தார்கள், யார் எடுத்துப் போனார்கள், எது திரும்பி வந்தது, எது வரவில்லை என்பது நம் பிள்ளைகளும் அறிய வேண்டிய வரலாறு. கண்டி அரசனின் சிம்மாசனம் 1934இல் திரும்பி வந்தது. தாராதேவி வரவில்லை. இதைச் சிங்களப் பிள்ளை தெரிந்து வைத்திருக்கிறது, தமிழ்ப் பிள்ளை தெரிந்து வைத்திருக்கிறது. நம் பிள்ளை மட்டும் கடைப் பையோடு அந்தக் கட்டடத்துக்கு வெளியே நின்று படமெடுத்துக்கொண்டு வர வேண்டுமா? இந்த நாட்டின் வரலாற்றில் நமக்கும் பங்கு உண்டு என்று மேடையில் முழங்குகிற நாம், அந்த வரலாறு கண்ணாடிப் பெட்டிக்குள் இலவசமாக நிற்கும்போது கதவுவரை போய்த் திரும்புகிறோமே, இது என்ன நியாயம்?

இன்னொன்று. அந்த இலவசத்தை யாரோ இடும் பிச்சை என்று நினைத்துக் கூசத் தேவையில்லை. இந்த மண்ணின் கோப்பியிலும் தேயிலையிலும் இறப்பரிலும் அந்த நகரம் எத்தனை வருடம் தின்றது என்பதைப் படித்துக் கொடுக்கிறவர்கள் நாங்கள். டிக்கட்டின் விலையை நம் பாட்டன்மார் முன்கூட்டியே கட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து உள்ளே போங்கள்.

பயணச் செலவுக்கு வருவோம். நம்மவர்கள் லண்டனில் செய்கிற பெரிய வீண்விரயம் டெக்சி. மச்சானின் காரை நாள் முழுக்கக் கேட்பது அதற்கு அடுத்தது. நகர நடுவில் கார் நிறுத்த இடமும் இல்லை, நெரிசல் கட்டணமும் உண்டு. மச்சான் சிரித்துக்கொண்டே அதைக் கட்டுவார். அவர் சிரிப்பதால் அது செலவில்லை என்று ஆகாது.

பஸ்ஸில் போங்கள். பஸ் கட்டணம் 2023இல் 1.75 பவுண் ஆனது. நாங்கள் போனபோதும் அதுதான். முதலில் ஏறிய நேரத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அந்த ஒரே கட்டணம். நாள் முழுக்கப் பஸ்ஸிலேயே திரிந்தால் மூன்று பயணக் காசான 5.25 பவுணோடு கணக்கு நின்றுவிட்டது. 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் இலவசம். சுரங்க ரயிலிலும் பெரியவர் ஒருவரோடு நான்கு சிறு பிள்ளைகள்வரை இலவசம். 11 முதல் 15 வயதுவரையான பிள்ளை இருந்தால், ஒய்ஸ்டர் அட்டை வாங்கும்போது நிலைய ஊழியரிடம் இளம் பயணிக்கான கழிவைப் போடச் சொல்லுங்கள். 14 நாள்வரை அரைக் கட்டணம். எங்கள் மூத்த பிள்ளைக்கு இதைக் கேட்காமல் முதல் நாள் முழுக் கட்டணம் கட்டியவர்கள் நாங்கள். கேட்க வெட்கப்பட்டோம். வெட்கத்துக்கும் விலை உண்டு.

பஸ்ஸில் காசு வாங்கமாட்டார்கள். அட்டை மட்டும்தான். ஒருவருக்கு ஓர் அட்டை, ஒரே அட்டையை இருவருக்குக் காட்ட முடியாது. நம் நாட்டு வங்கி அட்டையைக் காட்டினால் ஒவ்வொரு தடவையும் வங்கி வெளிநாட்டுக் கட்டணம் அறவிடலாம், போக முன் கேட்டுக்கொள்ளுங்கள். 15ஆம் இலக்க பஸ்ஸில் மேல்தட்டில் முன்வரிசை பிடித்து இருந்தால் ட்ரஃபல்கர் சதுக்கம், சென் போல் தேவாலயம், லண்டன் கோபுரம் எல்லாம் கண்ணாடிக்கு முன்னால் வரும். சுற்றுலா பஸ்காரர்கள் இதற்குத்தான் பல மடங்கு வாங்குகிறார்கள். ஹீத்ரோவில் இறங்கியதும் விரைவு ரயில் விளம்பரத்தைப் பார்த்து ஓடாதீர்கள். பிக்கடிலி சுரங்க ரயில் நேரம் எடுக்கும், ஆனால் செலவு அதன் ஒரு சிறு பங்குதான்.

சாப்பாடு. "ஹலால் தேடிப் போனால் செலவு கூடும்" என்பது நாம் சொல்லும் அடுத்த சாட்டு. வைட்சப்பல் பக்கம் போங்கள், கிழக்கு லண்டன் பள்ளியைச் சுற்றி எவ்வளவு ஹலால் கடை என்று பாருங்கள். ஒரு நேரம் அங்கே வயிறாரச் சாப்பிடலாம். மற்ற நேரங்களுக்குப் பெரிய கடைகளில் பாண், முட்டை, சீஸ், வாழைப்பழம் வாங்குங்கள். சைவ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, சேர்மானத்தை வாசித்து வாங்குங்கள். காலையில் சாண்ட்விச் கட்டிக்கொண்டு போங்கள். விஞ்ஞான நூதனசாலைக்குள் கொண்டுபோன சாப்பாட்டை இருந்து சாப்பிட இடமே ஒதுக்கியிருக்கிறார்கள். வெள்ளைக்காரக் குடும்பங்கள் பெட்டியைத் திறந்து வைத்து அங்கே வரிசையாகச் சாப்பிடுகின்றன, ஒருவருக்கும் வெட்கமில்லை. நமக்கு மட்டும் பெட்டிச் சாப்பாடு கௌரவக் குறைச்சல்! குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். ஆளுக்கொரு போத்தல் கொண்டு போங்கள்.

தொழுகைக்கும் திட்டம் போடுங்கள். டிசம்பரில் பின்னேரம் நான்கு மணிக்கே மஃரிப் வந்துவிடும். ஜூனில் இரவு ஒன்பது மணி தாண்டித்தான் சூரியன் மறையும். பிரயாணிக்குரிய சலுகை நமக்கு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். முடிந்தால் ஒரு வக்தையாவது பிரிக் லேன் பள்ளியில் தொழுங்கள். 1743இல் பிரான்ஸிலிருந்து தப்பி வந்த புரட்டஸ்தாந்து அகதிகள் கட்டிய தேவாலயம் அது. பிறகு மெதடிஸ்த சபையாரிடம் போனது. 1898இல் யூதர்களின் ஜெபாலயம் ஆனது. 1976இல் வங்காள முஸ்லிம்களின் பள்ளியானது. கட்டடம் ஒன்று, வந்து சேர்ந்த ஏழைகள் மூன்று நாலு கூட்டம். அந்தச் சுவரில் சாய்ந்து இருந்து பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது மூத்த பிள்ளை கேட்டது: "அப்ப, முதல்ல இருந்த ஆக்கள் கோவிச்சுக்கலயா?" இந்தக் கேள்வி வர வேண்டும் என்பதற்காகத்தான் பிள்ளைகளைப் பயணம் கூட்டிப் போகிறோம். பள்ளியும் கோயிலும் தேவாலயமும் பன்சலையும் அடுத்தடுத்து இருக்கிற மாகாணத்தில் வாழ்கிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். அந்தக் கேள்வி அவர்களுக்கு வேண்டும்.

இனி, இந்தப் பதிவில் அதிகம் பேருக்கு நோகப்போகிற இடம். சாச்சி வீடு.

லண்டனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் செலவில்லை என்கிறோம். யாருக்குச் செலவில்லை? ஐந்து பேர் இரண்டு கிழமை தங்கினால் அந்த வீட்டின் மின்சாரம், ஹீட்டர், இறைச்சி, அரிசி எல்லாம் யார் கணக்கில்? சாச்சா இரவு வேலைக்குப் போகிறார். சாச்சி காலையில் வேலைக்குப் போகிறார். வந்து நமக்குப் புரியாணி ஆக்குகிறார். பிள்ளைகள் தங்கள் கட்டிலை விட்டுக் கொடுத்துத் தரையில் படுக்கிறார்கள். நாம் ஊருக்கு வந்து, "லண்டன்காரிக்கு மூஞ்சி கொஞ்சம் சரியில்ல" என்று கதைக்கிறோம். மூஞ்சி சரியில்லாமல் போனது ஏனென்று ஒரு தரமாவது யோசித்தோமா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள். லண்டன் போயும் அந்தக் குசினிக்குள்ளேயே இரண்டு கிழமையைக் கழித்துவிட்டு வந்த உம்மாமார் நம் ஊரில் எத்தனை பேர்? ஆண்கள் வெளியே, பெண்கள் வெங்காயம் உரிக்க. அதற்கு விமான டிக்கட் எதற்கு? ஊரிலேயே உரிக்கலாமே.

விருந்து மூன்று நாள் என்பது நமக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லித் தந்த பாடம். மூன்று நாள் தங்குங்கள். சொந்தத்தைக் கொண்டாடுங்கள். சாமான் வாங்கக் காசு கொடுங்கள், வாங்கமாட்டேன் என்றால் நீங்களே கடைக்குப் போய் வாங்கி வையுங்கள். நாலாம் நாள் வேறு இடம் மாறுங்கள். ட்ரவலொட்ஜ், பிரீமியர் இன் போன்ற இடங்களில் பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவருக்குக் குடும்ப அறை கிடைக்கும். முன்கூட்டிப் பதிந்தால் விலை நன்றாகக் குறையும். பிரீமியர் இன்னில் பெரியவர் ஒருவர் காசு கொடுத்துக் காலைச் சாப்பாடு எடுத்தால் பிள்ளைகள் இருவருக்கு அது இலவசம். எங்களைப்போல் ஐந்து பேர் என்றால் இளைஞர் விடுதிகளின் குடும்ப அறையைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் நாமே சமைத்துக்கொள்ளக் குசினி உண்டு. அங்கே நாங்கள் முறை வைத்துச் சமைத்தோம். வாப்பாவும் சமைத்தார். உலகம் முடிந்துவிடவில்லை.

லண்டன்தான் பிரித்தானியா என்று யார் சொன்னது? மென்செஸ்டருக்குப் போய்ப் பாருங்கள். கோச் பஸ்ஸில் ஐந்து மணித்தியாலம் அளவில். ரயிலில் போவதென்றால் முன்கூட்டி வாங்கும் டிக்கட்டும், குடும்பத்துக்கான கழிவு அட்டையும் சேர்த்துப் பாருங்கள். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு 60 வீதம் குறையும். சுற்றுலாவில் போகிறவர்களும் அதை வாங்கலாம். மென்செஸ்டர் நூதனசாலை இலவசம். 2023இல் அங்கே தெற்காசிய மண்டபம் ஒன்று திறந்திருக்கிறார்கள். 1900இல் திறந்த ஜோன் ரைலண்ட்ஸ் நூலகம் இலவசம். அரண்மனை மாதிரி ஒரு நூலகம். நகர நடுவில் இலவச பஸ்ஸே ஓடுகிறது. வில்ம்ஸ்லோ வீதியில் ஹலால் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தங்குமிடமும் பொதுவாக லண்டனைவிட மலிவு. கிளாஸ்கோவின் கெல்வின்குரோவ், எடின்பரோவின் ஸ்கொட்லாந்து தேசிய நூதனசாலை எல்லாம் இதே மாதிரி இலவசம்தான்.

காலத்தையும் கவனியுங்கள். ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை அங்கே பாடசாலை விடுமுறை, எல்லா விலையும் ஏறும். டிசம்பர் 24, 25, 26இல் பெரிய நூதனசாலைகள் பூட்டு. 25ஆம் திகதி லண்டனில் பஸ்ஸும் இல்லை, சுரங்க ரயிலும் இல்லை. இதைத் தெரியாமல் போய், அறைக்குள் மூன்று நாள் அடைந்து கிடந்துவிட்டு, "லண்டன்ல ஒண்டுமே இல்ல" என்று வந்து சொன்னவர்களும் நம்மில் உண்டு.

கடைசியாக ஒரு எதிர்ப்பு. "லண்டன் வரை போய்ப் பாண் தின்றுவிட்டு வருவதா? இது கஞ்சத்தனம் இல்லையா?"

இல்லை. கஞ்சத்தனம் என்பது கொடுக்க வேண்டிய இடத்தில் கையை இறுக்குவது. வேண்டாத இடத்தில் கையை விரிப்பது வீண்விரயம். பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காக விரிப்பது அதிலும் மோசம். நாம் என்ன செய்கிறோம்? பிள்ளையின் அறிவுக்குக் கொடுக்க வேண்டிய இடத்தில், அதுவும் காசே கேட்காத இடத்தில், ஒரு மணித்தியால நேரத்தைக்கூடக் கொடுக்கமாட்டோம். ஊராரின் கண்ணுக்குக் காட்டுவதற்கு உம்மாவின் காப்பைக் கொடுப்போம். இதில் எது கஞ்சத்தனம்?

நம் பவுசுக்கு இன்னொரு விலையும் உண்டு. அதைக் கட்டுவது நாம் அல்ல. பயணமே போக முடியாத வீட்டுப் பிள்ளைகள். வகுப்பில் புதுச் சப்பாத்தைப் பார்த்து நின்றார்களே, அவர்கள். அன்று போய் வந்த பிள்ளை, திமிங்கிலத்தைப் பற்றி ஒரு கதை கொண்டு வந்திருந்தால் அந்த வகுப்பு முழுக்கப் பணக்காரர் ஆகியிருக்கும். சப்பாத்து ஒரு பிள்ளைக்குத்தான் பொருந்தும். கதை நாற்பது பிள்ளைக்கும் பொருந்தும்.

ஆகவே போகிறவர்களிடம் மூன்று வேண்டுகோள். ஒன்று, வட்டிக்கு எடுத்துப் போகாதீர்கள். இரண்டு, போக முன் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரைபடம் பாருங்கள். பார்க்கப்போகிற ஐந்து இடத்தைப் பிள்ளைகளே தெரிவு செய்யட்டும். ஒரு கொப்பி கொடுங்கள், இரவில் இரண்டு வரி எழுதட்டும். மூன்று, வந்ததும் அந்தக் கொப்பியோடு பிள்ளையை வகுப்புக்கு அனுப்புங்கள். அரைப் பாடநேரம் நாங்கள் ஒதுக்கித் தருகிறோம்.

போக முடியாதவர்கள் மனம் சோர வேண்டாம். கொழும்பு தேசிய நூதனசாலை 1877இலிருந்து திறந்திருக்கிறது. கொழும்புக்கு எத்தனை கல்யாணத்துக்குப் போயிருக்கிறோம்? எத்தனை தரம் அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறோம்? உள்ளே போனது எத்தனை தரம்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு லண்டனைப் பற்றிப் பேசுவோம்.

பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். போய் வந்தவர்கள் குறைந்த செலவில் பார்த்த இடங்களைக் கீழே எழுதுங்கள், அடுத்துப் போகிற குடும்பத்துக்கு உதவும். அல்லாஹ் நம் பயணங்களையும் நம் பிள்ளைகளின் அறிவையும் பரக்கத் ஆக்குவானாக.

வஸ்ஸலாம்.